கண்டி அணியில் கண்டிக்காரர் எத்தனை பேர்?

2023 ஆகஸ்ட் 20ஆம் திகதி இரவு, கொழும்பு ஆர். பிரேமதாச மைதானத்தில் தம்புள்ளை ஓராவை ஐந்து விக்கெட்டுகளால் வென்று, கண்டியின் பெயரைச் சுமந்த அணியொன்று முதன்முறையாக லங்கா பிரீமியர் லீக் கிண்ணத்தைத் தூக்கியது. அணியின் முழுப்பெயர் பி-லவ் கண்டி. தொடர் முழுக்க அதைத் தோளில் தாங்கிய தலைவர் வனிந்து ஹசரங்க காலிக்காரர், றிச்மண்ட் கல்லூரிப் பிள்ளை. காயத்தால் அவர் இறுதி ஆட்டத்துக்கு வராதபோது தலைமையேற்ற ஏஞ்சலோ மெத்தியூஸ் கொழும்பு புனித ஜோசப் கல்லூரியின் வார்ப்பு. கண்டியில் படித்து, கண்டியில் பந்துவீசப் பழகிய மதீஷ பத்திரனவோ அந்த ஆண்டு கொழும்பு ஸ்ட்ரைக்கர்ஸ் சட்டையில் ஆடினார். கண்டி நகரை ஒட்டிய எங்கள் அம்பிட்டியவில் இன்றும் இந்த வெற்றியைப் பற்றிப் பேச்செடுத்தால், "நல்லாத்தான் ஆடினாங்க, ஆனா அதுல நம்ம ஆள் யாருண்ணே?" என்று யாராவது ஒருவர் கேட்காமல் விடமாட்டார்.

கேள்வி பழையதல்ல. எங்கள் தகப்பன்மாருக்கு அப்படியொரு சந்தேகம் வந்திருக்க வழியே இல்லை. அவர்கள் காலத்தில் ஒரு வீரன் எந்த அணிக்கு ஆடுவான் என்பதை அவன் எந்தப் பாடசாலைக்குப் போனான் என்பதே தீர்மானித்தது. அதற்குமேல் பேச்சில்லை.

கண்டியில் விளையாட்டு என்றால் முதலில் றக்பி. ஊர்வாயில் அது றகர். 1891இல் எல். ஈ. பிளேஸ் கண்டியில் ஓர் ஆண்கள் பாடசாலையைத் தொடங்கினார். பின்னர் கிங்ஸ்வூட் கல்லூரி ஆனது அதுதான். முட்டைவடிவப் பந்தை இந்நாட்டுப் பாடசாலைப் பிள்ளைகளின் கையில் முதலில் கொடுத்தவரும் அவரே. 1906இல் கிங்ஸ்வூட்டும் கண்டியின் இன்னொரு பாடசாலையான ட்ரினிட்டியும் மோதியது இலங்கையின் முதல் பாடசாலை றக்பி ஆட்டம். 1945இலிருந்து ட்ரினிட்டிக்கும் கொழும்பு றோயலுக்கும் இடையே பிராட்பி கேடயம். கண்டியில் ஓர் ஆட்டம், கொழும்பில் ஓர் ஆட்டம், இரண்டின் புள்ளிகளையும் கூட்டி வெற்றி யாருக்கென்று பார்ப்பார்கள். போகம்பறை மைதானத்தில் அந்த ஆட்டம் நடந்த காலத்தில், அம்பிட்டியவிலிருந்து ஏரிக்கரைவழி நடந்து இறங்கிய கூட்டத்தில் பாதிப் பேருக்கு ட்ரினிட்டியோடு எந்தச் சம்பந்தமும் கிடையாது. கட்டணம் கட்டிப் பிள்ளையை அங்கே படிக்கவைக்க வசதியுமில்லை. ஆனாலும் கத்தினார்கள். ட்ரினிட்டி தோற்றால் அன்றிரவு வீட்டில் சோறு இறங்காது. அந்தப் பற்றைச் சும்மா தள்ளிவிட முடியாது. எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், ஆடியவர்கள் நகரத்துப் பிள்ளைகள் என்பதே அதன் வேர்.

ஆனால் "அன்று எல்லாம் நியாயமாக இருந்தது" என்று பெரியவர்கள் சொல்லும்போது எனக்கு ஒத்துக்கொள்ள முடிவதில்லை. வீரன் எங்கு ஆடுவான் என்பதைப் பாடசாலை வாசல் தீர்மானித்த காலத்தில், அந்த வாசலைத் தாண்ட முடியாதவன் எங்கும் ஆடவில்லை. அம்பிட்டியவுக்கு அப்பால் தலாத்துஓயாப் பக்கம், ஹந்தானைச் சரிவு, கலஹா என்று தோட்டங்களில் வளர்ந்த எத்தனை பிள்ளைகளின் தோளும் காலும் றக்பிக்கே செய்தவைபோல் இருந்திருக்கும்? தமிழ்மொழிப் பாடசாலைகளில் றக்பி அணி இருப்பதே அபூர்வம். அந்தப் பிள்ளைகளை யாரும் ஒதுக்கவில்லைதான். அவர்கள் ஆடுவார்களா என்று பார்க்கவே யாரும் போகவில்லை. ஊர்ப்பற்று என்று நாம் இப்போது ஏங்குகிற சாமான் மூடிய வாசலுக்கு உள்ளே விளைந்தது. இதைச் சொன்னால் பழைய மாணவர் சங்கத்துக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

கிரிக்கெட்டில் அந்த வாசல் இன்னும் குறுகல். கண்டிப் பிள்ளை எவ்வளவு பெரிய ஆட்டக்காரனானாலும், பாடசாலை முடிந்ததும் கொழும்புக் கழகமொன்றைத் தேடிப் போகவேண்டும். அந்தக் கழகங்களின் பெயர்களைப் பாருங்கள்: சிங்களிஸ், தமிழ் யூனியன், மூர்ஸ், பேர்கர் பொழுதுபோக்குக் கழகம். யாரை யார் எடுப்பது என்பதை இனப்பெயரே அறிவித்துவிடும். நடைமுறையில் அது பின்னால் தளர்ந்தது என்பது வேறு. 1972இல் கண்டியில் பிறந்து, கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோவின் சொல்கேட்டு மித வேகத்திலிருந்து சுழலுக்கு மாறிய முத்தையா முரளிதரன், போய்ச் சேர்ந்த கழகம் தமிழ் யூனியன். நல்ல கழகம்தான். ஆனால் கண்டியில் அவருக்குச் சமமான ஒரு மேடை இருக்கவில்லை. 1983இல் அஸ்கிரிய மைதானம் அவுஸ்திரேலியாவுக்கு எதிரான டெஸ்ட் ஆட்டத்தை நடத்தியது. அதுவும் ட்ரினிட்டியின் சொத்து, ஒரு பாடசாலையின் மைதானம். கண்டிக்கு உலகத்தரமான ஆடுகளம் இருந்தது, அதில் ஆடுகிற கண்டிக்காரனுக்குச் சம்பளம் தர ஒரு கழகம் இருக்கவில்லை.

றக்பியில் அந்தக் குறையைத் தீர்த்தது நித்தவெல, கண்டி விளையாட்டுக் கழகத்தின் மைதானம். 1874இல் வெள்ளைக்காரத் துரைமார் தொடங்கிய கண்டி விளையாட்டுக் கழகம், 1990களில் கொழும்பின் சி.ஆர்., சி.எச்., ஹெவ்லொக் கழகங்களின் ஏகபோகத்தை உடைத்து, பிறகு ஆண்டுக்கணக்கில் லீக் கிண்ணத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. மலிக் சமரவிக்ரம கழகத்தைத் தாங்கிநின்ற காலம் அது. கிங்ஸ்வூட்டிலிருந்து வந்த பாசில் மரிஜா போன்றவர்கள் நித்தவெலயில் ஆடியபோது, பார்க்கப் போனவர்களுக்கு அவர்கள் தெருவில் எதிர்ப்படும் முகங்கள். அதேவேளை நித்தவெல வெளியூர்க்காரர்களையும் கொண்டுவந்தது, பீஜித் தீவிலிருந்துகூட. யாரும் முகம் சுளிக்கவில்லை, ஜெயித்துக்கொண்டே இருந்தோமே! கொழும்பு எங்கள் பிள்ளைகளைக் கொண்டுபோனால் திருட்டு, நாங்கள் கொழும்புப் பிள்ளையை அழைத்துவந்தால் திறமை. இந்த இரட்டை நாக்கு எல்லா ஊர் இரசிகனுக்கும் உண்டு, எனக்கும் உண்டு.

ஒரு உறவினராவது மெல்பேர்னில் இல்லாத குடும்பம் இப்போது கண்டிப் பக்கத்தில் குறைவு. அப்படிப் போனவர்கள் ஊருக்கு வரும்போது அங்கத்து உதைபந்து பற்றிய சண்டையையும் கூடவே கொண்டுவருகிறார்கள். அவுஸ்திரேலிய விதிகளில் ஆடும் அந்த விளையாட்டிலும் பந்து முட்டைவடிவம்தான். மைதானம் மட்டும் கிரிக்கெட் மைதானம்போல் நீள்வட்டம். அவர்கள் ஓயாமல் வாதாடுவது ஆட்டத்தைப் பற்றியல்ல, பிள்ளைகளைப் பங்குபோடும் முறையைப் பற்றி. அதைக் கேட்டபோதுதான் நம்முடைய குழப்பம் எனக்கு ஓரளவு தெளிந்தது.

அங்கும் முன்பு பிறந்த இடமே விதி. விக்டோரியா மாநிலத்தை வலயங்களாகப் பிரித்து, இந்த வலயத்துப் பையன் இந்தக் கழகத்துக்கு என்று கட்டிவைத்திருந்தார்கள். 1968இல் நாட்டுப்புறங்களையும் அப்படிக் கூறுபோட்டார்கள். நல்ல விளைச்சல் வலயம் கிடைத்த ஹோதோர்ன் போன்ற கழகம் கொழித்தது, வறண்ட வலயம் வாய்த்தவை கீழேயே கிடந்தன. அதற்கு மாற்றாக 1986இல் ட்ராஃப்ட் வந்தது. விதி எளியது: சென்ற பருவத்தில் கடைசியாக வந்த கழகம் நாட்டிலுள்ள சிறந்த பதினெட்டு வயதுப் பையனை முதலில் எடுக்கும், கிண்ணம் வென்றது கடைசியில் எடுக்கும். கூடவே, ஒரு கழகம் மொத்தச் சம்பளமாக இவ்வளவுக்குமேல் கொடுக்கக்கூடாது என்ற உச்சவரம்பு. பணக்காரக் கழகம் எல்லாரையும் வாங்கிக் குவிக்க முடியாது. நலிந்தது நாலைந்து ஆண்டில் எழுந்துவிடலாம்.

நடைமுறையில் ஓட்டைகள் உண்டு. கழகமொன்றுக்கு நூறு ஆட்டம் ஆடியவரின் மகனை அதே கழகம் முன்னுரிமையோடு எடுத்துக்கொள்ளலாம் என்பது தந்தை-மகன் விதி. கொலிங்வூட்டின் பீற்றர் டெய்கொஸ் மகன் நிக், 2021இல் அப்படித்தான் தகப்பன் கழகத்துக்கே வந்தார். 2022இலும் 2024இலும் அஷ்கிரொப்ட் சகோதரர் இருவரையும் பிரிஸ்பேன் அதே வழியில் எடுத்தது, 2024இலும் 2025இலும் கிண்ணத்தையும் வென்றது. வடமாநிலக் கழகங்கள் நடத்தும் பயிற்சிக்கூடப் பிள்ளைகளுக்கும் இதைப் போன்ற சலுகை. மற்றக் கழகங்களின் இரசிகர்கள் வயிறெரிகிறார்கள்: ஜெயிக்கிறவனுக்கே மறுபடியும் பந்தியில் முதலிடமா? இன்னொரு பக்கம், முதலில் எடுக்கும் உரிமைக்காக வேண்டுமென்றே தோற்கலாமே என்ற சபலம். 2009 பருவத்தில் மெல்பேர்ன் கழகம் அப்படி ஆடியதா என்று நீண்ட விசாரணை நடந்தது. வேண்டுமென்றே தோற்றதாக முடிவு வரவில்லை, ஆனாலும் 2013இல் 5 இலட்சம் டொலர் தண்டம் விழுந்தது.

தந்தை-மகன் விதியைப் பற்றிக் கேள்விப்பட்டபோது அம்பிட்டியவில் யாருக்கும் வியப்பில்லை. பழைய மாணவரின் மகனுக்குப் பாடசாலை அனுமதியில் முன்னுரிமை என்பதில் ஊறிய நாடு இது.

பிள்ளைகளைத் தெரிந்தெடுத்து எங்கெங்கோ அனுப்புவதும் இந்த ஊருக்குப் புதிதல்ல. பதின்மூன்றாம் சிங்கராயர் பாப்பரசர் 1893இல் தொடங்கிய குருமடம் அம்பிட்டிய மலையில்தான் இருந்தது. இந்தியாவெங்கும் உள்ள மறைமாவட்டங்கள் தங்கள் சிறந்த இளைஞரைப் பொறுக்கி இங்கே அனுப்பின. 1955இல் அது பூனாவுக்குப் பெயர்ந்தது. அந்த வளாகத்தில் இப்போது தேசிய குருமடம். வந்த இளைஞர்கள் படித்து முடித்துத் தங்கள் மறைமாவட்டத்துக்கே திரும்பினார்கள். அவர்களுக்கு யாரும் ஏலம் கூறவில்லை.

ஏலம் 2008 பெப்ரவரியில் வந்தது. இந்தியன் பிரீமியர் லீக்கின் முதல் ஏலத்தில் ட்ரினிட்டியின் குமார் சங்கக்காரவை 7 இலட்சம் டொலருக்குப் பஞ்சாப் வாங்கியது. முரளிதரனை 6 இலட்சத்துக்குச் சென்னை வாங்கியது. அன்று ஊரில் எழுந்த பேச்சில் ஒரு சிறு கூச்சமும் கலந்திருந்தது: மனுசனை விலை பேசுகிறார்களே! கூச்சம் சீக்கிரமே போய்விட்டது. கண்டித் தமிழன் ஒருவன் சென்னைக்கு மஞ்சள் சட்டையில் ஆடுவதைப் பார்த்த சந்தோசம் எல்லாவற்றையும் மூடிவிட்டது. ஆனால் முரளியின் கதையை அங்கேயே நிறுத்திவிடக் கூடாது. 2011 ஏலத்தில் புதிதாக வந்த கொச்சி டஸ்கர்ஸ் அவரை 11 இலட்சம் டொலருக்கு எடுத்தது. ஒரே பருவம்தான், அந்த ஆண்டு செப்டம்பரில் அந்த அணியையே கலைத்துவிட்டார்கள். ஆடியவர்களுக்கு ஒப்பந்தப் பணம் முழுதாக வரவில்லை. தனக்கு வரவேண்டியதில் 35 வீதம் பத்தாண்டு கழித்தும் பாக்கி என்று அந்த அணிக்கு ஆடிய பிராட் ஹொட்ஜ் 2021இல் பகிரங்கமாகச் சொன்னார். முரளி அடுத்து பெங்களூருக்குப் போனார். 2013 மார்ச்சில், இலங்கை வீரர் எவரும் சென்னையில் ஆடக்கூடாது என்று தமிழக முதலமைச்சர் ஜெயலலிதா கடிதம் எழுத, லீக் நிர்வாகம் அதை ஏற்றுக்கொண்டது. தடையின் கணக்கில் தமிழரான முரளியும் இலங்கை வீரர்தான். நான்கைந்து ஆண்டுக்குமுன் தன்னை வாங்கிக் கொண்டாடிய நகரத்துக்குள் அவர் பந்தோடு நுழைய முடியவில்லை. ஏலத்தில் விற்கப்படுகிறவனுக்குக் கேட்டதெல்லாம் கிடைக்கிறது என்று நினைப்பவர்கள் இந்த ஐந்து ஆண்டுகளைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

பிறகு அந்தக் கடை நம் வாசலுக்கே வந்தது. 2020 ஒக்டோபரில் லங்கா பிரீமியர் லீக்கின் முதல் வீரர் ட்ராஃப்ட். கண்டிக்கு ஓர் அணி, பெயர் கண்டி டஸ்கர்ஸ். கொவிட் காரணமாக எல்லா ஆட்டங்களும் ஹம்பாந்தோட்டையில், வெறும் இருக்கைகளுக்கு முன்னால். 2021இல் அதே அணி கண்டி வோரியர்ஸ் ஆனது, ஐந்தில் ஐந்தாவதாக வந்தது. 2022இல் கண்டி பல்கன்ஸ். 2023இல் பி-லவ் கண்டி. 2024இல் மறுபடி பல்கன்ஸ். ஐந்து பருவத்தில் நான்கு பெயர். மெல்பேர்ன்காரன் தன் கழகம் கடைசியாக வந்தால், வரும் ஆண்டு நல்ல பையன் கிடைப்பான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருக்கிறான். கண்டிக்காரன் கடைசியாக வந்த வோரியர்ஸுக்காக அப்படிப் பொறுத்திருந்தால், அடுத்த ஆண்டு அப்படியோர் அணியே இல்லை.

இங்கேதான் என் மனக்குறை. நாம் வெளியிலிருந்து ட்ராஃப்டின் மேடையை வாங்கினோம், ஒளிவிளக்கை வாங்கினோம், 2023இலிருந்து ஏலச் சுத்தியலையும் வாங்கினோம். நலிந்தவனைத் தூக்கிவிடவே அந்த முறை பிறந்தது என்ற காரணத்தை மட்டும் சுங்கத்திலேயே விட்டுவந்தோம். ஓர் அணிக்கு முதலாளி யார், அடுத்த ஆண்டு இருப்பாரா என்பதே தெரியாதபோது யாரை யார் தூக்கிவிடுவது? 2024 தொடருக்கு முன்பு தம்புள்ளை அணியின் உரிமையாளர் ஆட்ட நிர்ணயக் குற்றச்சாட்டில் கைதாகி, அணி அவசர அவசரமாக வேறு கைக்கு மாறியது. அதே ஆண்டு ஏலத்தில் பத்திரனவைக் கொழும்பு 1,20,000 டொலருக்கு எடுத்தது. கண்டி அணி ஏன் அவரை விட்டது என்று அம்பிட்டியவில் மட்டும் ஒரு வாரம் ஆராய்ச்சி நடந்தது.

எங்களில் இளையவர்களுக்கு இந்தப் புலம்பல் பிடிப்பதில்லை. அவர்களும் ஒரு நியாயம் சொல்கிறார்கள், அதை நான் மதிக்கிறேன். பத்திரன முதலில் படித்தது றணபிம றோயல் கல்லூரியில். பிறகுதான் ட்ரினிட்டிக்கு வந்தார். பெரிய பாடசாலை சின்னப் பாடசாலையிலிருந்து பிள்ளையை எடுப்பது ட்ராஃப்ட் இல்லையா என்று கேட்கிறார்கள். சரியான கேள்வி. சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் பெயர்போன கல்லூரியிலிருந்து அழைப்பு வருகிறது. விடுதி, சாப்பாடு, பாதணி எல்லாம் கிடைக்கும். பிள்ளைக்கு அது வாழ்க்கை, எந்தத் தகப்பனும் வேண்டாம் என்று சொல்லமாட்டான். ஆனால் பன்னிரண்டு வயதிலிருந்து மழையிலும் வெயிலிலும் அவனைப் பழக்கிய சின்னப் பாடசாலைப் பயிற்றுநருக்கு என்ன மிச்சம்? இங்கே வலியவன் முதலில் எடுக்கிறான், மீதி இருப்பது மற்றவனுக்கு. மெல்பேர்ன் முறையைத் தலைகீழாகப் பிடித்தால் எங்கள் முறை. பத்திரன விடயத்தில் அது நன்மையாக முடிந்தது என்பதை மறுக்கமாட்டேன். 2022இல் மாற்று வீரராகச் சென்னைக்குப் போனபோது அவர் விலை 20 இலட்சம் இந்திய ரூபாய். 2025 பருவத்துக்குச் சென்னை அவரைத் தக்கவைத்துக்கொண்ட விலை 13 கோடி.

விலை ஏறியபோது உடம்பு யாருடையது என்ற கேள்வியும் ஏறியது. தோளை அவ்வளவு தாழ்த்தி, கவண் சுழற்றுவதுபோல் வீசுகிறவர் பத்திரன. 2023 மே மாதம் சென்னை அணித் தலைவர் மகேந்திர சிங் தோனி ஓர் ஆட்டம் முடிந்து பேசும்போது, இந்தப் பையன் டெஸ்ட் கிரிக்கெட் பக்கமே போகக்கூடாது, ஒருநாள் ஆட்டங்களையும் குறைத்துக்கொண்டு உலகத் தொடர்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளவேண்டும் என்ற கருத்தைச் சொன்னார். அம்பிட்டிய இரண்டாகப் பிளந்தது. இலங்கைப் பிள்ளை எதற்கு ஆடவேண்டும் என்று சொல்ல இவர் யார் என்றது ஒரு கட்சி. அந்தக் கையின் அருமை தெரிந்தவர் சொல்கிறார், நம் ஆட்கள் அதை முறித்துப்போடுவார்கள் என்றது மறு கட்சி. நான் இரண்டாம் கட்சிதான், ஆனால் ஒரு சந்தேகத்தோடு: சென்னை காக்க நினைத்தது பையனையா, தன் முதலீட்டையா? 2024 மே மாதம் தொடைப் பின்தசைக் காயத்தோடு அவர் நடுவிலேயே நாடு திரும்பியபோது இரண்டு கட்சியும் தங்கள் தங்கள் வாதம் நிரூபணமாகிவிட்டது என்று சொன்னது வேடிக்கை.

கண்டிக்குக் கிண்ணம் வாங்கித் தந்த 2023ஐயே எடுங்கள். ஹசரங்க அந்தத் தொடரில் 279 ஓட்டங்களும் 19 விக்கெட்டுகளும் எடுத்தார். அதிக ஓட்டம், அதிக விக்கெட் இரண்டும் ஒரே ஆளுக்கு. அந்த உழைப்பின் முடிவில் வந்த தொடைக்காயம் ஆசியக் கிண்ணத்தையும் உலகக் கிண்ணத்தையும் அவரிடமிருந்து பறித்தது. கண்டிக்கு வேகம் வீசிய துஷ்மந்த சமீரவும் ஆசியக் கிண்ணத்துக்கு வரவில்லை. அந்த ஆண்டு லங்கா பிரீமியர் லீக் ஏலத்தில் 92,000 டொலருக்கு மிக அதிக விலைபோன டில்ஷான் மதுஷங்கவும் காயக்காரர் வரிசையில். ஆகஸ்ட் 31இல் பல்லேகலை மைதானத்தில் பங்களாதேஷுக்கு எதிராக இலங்கை இறங்கியபோது எஞ்சியிருந்த வேகப்பந்துக்காரர்களில் ஒருவர் பத்திரன. 32 ஓட்டங்களுக்கு நான்கு விக்கெட். கண்டி அணிக்கு அல்ல, நாட்டுக்கு, ஆனால் கண்டியில். அன்று பல்லேகலையில் கத்திய தொண்டைகளுக்குப் பெயர்ச் சிக்கல் எதுவும் இருக்கவில்லை.

கிரிக்கெட்காரனுக்காவது காயம் வந்தால் நாளிதழில் செய்தி வரும். பாடசாலை றக்பிப் பிள்ளைக்கு?

அன்று போகம்பறையில் தலையில் அடிபட்டு விழுந்த பையன் எழுந்து, கட்டுப்போட்டு, தள்ளாடி மறுபடி உள்ளே வந்தால் மைதானம் அதிரும். அவனைப் பற்றிய கதை முப்பது ஆண்டு ஓடும். அவனுக்கு அன்றைய பிற்பாதி ஞாபகமே இல்லை என்பதுகூடச் சிரித்துக்கொண்டே சொல்லப்படும் துணுக்கு. அந்த மறதி மூளைக்கு நேர்ந்த அதிர்ச்சி என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அன்று கேட்டிருப்போமா தெரியாது. 2003இல் இங்கிலாந்தோடு உலகக் கிண்ணம் வென்ற ஸ்டீவ் தொம்சன், நாற்பது சொச்ச வயதில் தனக்கு மறதிநோய் என்றும் அந்த வெற்றி ஆட்டமே நினைவில் இல்லை என்றும் 2020இல் வெளியே சொன்னார். அதே ஆண்டில், அவுஸ்திரேலிய உதைபந்தின் பெருங்கதாநாயகன் பொலி பார்மரின் மூளையில், தலையில் திரும்பத்திரும்ப வாங்கிய அடிகள் விட்டுப்போன நோய் இருந்தது அவர் இறந்தபின் செய்த பரிசோதனையில் தெரியவந்தது. 2021இலிருந்து அங்கே தலையதிர்ச்சி கண்ட வீரன் குறைந்தது 12 நாள் ஆடமுடியாது. அவன் கெஞ்சினாலும் சரி, இறுதி ஆட்டமானாலும் சரி.

இங்கும் மாறிக்கொண்டுதான் இருக்கிறது. சந்தேகம் வந்தால் வெளியே எடு என்ற உலக றக்பி விதி பாடசாலை ஆட்டங்களுக்கும் பொருந்தும். மைதான ஓரத்தில் வைத்தியர் நிற்கிறார். இரசிகர் பேச்சிலும் வித்தியாசம் தெரிகிறது. பிராட்பி இப்போது ட்ரினிட்டியின் பல்லேகலை றக்பி மைதானத்தில் நடக்கும்போது, விழுந்த பிள்ளையை உடனே எழுப்பாதே என்று கூட்டத்திலிருந்து தாய்மாரின் குரல் வருகிறது. முன்பு அங்கே தாய்மாரே குறைவு. ஆனால் ஓர் அநியாயம் அப்படியே இருக்கிறது. அவுஸ்திரேலியாவில் பதினெட்டு வயதில் தெரிவாகும் பையனுக்குச் சம்பளம், ஒப்பந்தம், வைத்தியம், வீரர் சங்கம் எல்லாம் உண்டு. வீட்டைவிட்டு ஆயிரம் மைல் தள்ளிப் போகிறானே, மனம் ஒடிந்துவிடுமே என்று பார்க்க ஆள்கூட வைக்கிறார்கள். இங்கே அதே வயதுப் பையனின் ஆட்டத்துக்குப் பெரிய கம்பனிகளின் பெயர்ப்பலகை உண்டு, தொலைக்காட்சி ஒளிபரப்பு உண்டு, நுழைவுச்சீட்டு உண்டு. அவனுக்கு முழங்கால் போனால் சத்திரசிகிச்சைக்குப் பழைய மாணவர்கள் காசு சேர்க்கவேண்டும். பெயர்போன பாடசாலையென்றால் சேரும். மற்றவனுக்கு?

கண்டி அணியில் மத்திய மாகாணப் பிள்ளைகள் இத்தனை பேர் கட்டாயம் என்று விதி வரவேண்டும் என்பது அம்பிட்டியவில் பலருடைய கோரிக்கை. அதற்கு அவர்கள் காட்டும் உதாரணம் யாழ்ப்பாணம். முதல் பருவத்திலேயே அந்த அணி யாழ்ப்பாணத்துப் பையன் விஜயகாந்த் வியாஸ்காந்தை இறக்கியது. நான்கு முறை கிண்ணமும் வென்றது. 2024இல் காயமடைந்த ஹசரங்கவுக்குப் பதிலாக இந்தியன் பிரீமியர் லீக்கின் ஹைதராபாத் அணி அழைத்தது அந்த வியாஸ்காந்தைத்தான். ஒரு பையனை வைத்து விதி எழுதமுடியாது என்று நான் வாதாடிப் பார்த்திருக்கிறேன். ஒருவனையாவது எடுத்தார்களே என்று வாயடைத்துவிட்டார்கள்.

இந்த விதியைத் தோட்டத்து மென்பந்துப் போட்டிக்காரர்கள் எப்போதோ எழுதிவிட்டார்கள். தீபாவளி, சித்திரைப் புத்தாண்டு நாட்களில் நடக்கும் போட்டிகளுக்கு ஒட்டும் அறிவித்தலில் பரிசுத்தொகை, நுழைவுக் கட்டணம் என்ற வரிகளோடு, ஓர் அணிக்கு இத்தனை வெளியாட்கள்தான் என்ற வரியும் இருக்கும். சண்டை வருவது அந்த வரியில்தான். லயத்தில் பிறந்து, கொழும்பில் கடையொன்றில் வேலைசெய்து, தீபாவளிக்கு மட்டும் ஊர்வருகிற பையன் ஊராளா வெளியாளா? "இங்கதானே பொறந்தான், அவங்க அம்மா இன்னும் கொழுந்து பறிக்குது!" என்று ஒரு பக்கம். "பத்து வருசமா வாக்கு கொழும்புலதான் போடுறான்!" என்று மறுபக்கம். நடுவர் மத்தியானம்வரை ஆட்டத்தைத் தொடங்க முடியாமல் நிற்பார். சர்ச்சைக்குரிய பையனோ மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எந்தப் பக்கம் ஜெயித்தாலும் சரி, சீக்கிரம் முடிவுசெய்யுங்கள், இரவு பஸ்ஸுக்குப் போகவேண்டும் என்பான்.